போஸ்டரில் ஐந்து நட்சத்திரம், உள்ளே பாதி நாடகம்: லண்டன், எடின்பரோ சின்ன அரங்குகளில் டிக்கெட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

லண்டனில் ஒரு பப்பின் மாடியில் அறுபது இருக்கை அரங்கு. புதிதாக ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டும் வசனமுமாக நடக்கும் நாடகம். வாசல் போஸ்டரில் ஐந்து நட்சத்திரம் நான்கு வரிசை, கீழே "அரங்கமே எழுந்து நின்றது" என்ற ரகத்தில் பார்வையாளர் சொன்னதாக வாசகங்கள். இணையதளத்தில் நேரடி இசைக்குழு, இரண்டேகால் மணி நேரம், இடைவேளை உண்டு என்று போட்டிருந்தார்கள். டிக்கெட் 25 பவுண்ட். பணம் கட்டும் கடைசித் திரையில் முன்பதிவுக் கட்டணம் தனியாக முளைத்தது. உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது ஒரு கீபோர்டு, லேப்டாப்பில் ஓடும் பதிவு இசை, எழுபது நிமிடம். இரண்டாம் பாதி இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்பதைச் சொல்லும் ஏ4 தாள், டிக்கெட்டைச் சரிபார்த்து உள்ளே விட்ட பிறகு கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு வந்தது ஒரே வரி: விற்ற டிக்கெட் திரும்பப் பெறப்படாது.

அரங்கின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலை பல இடங்களில் நடக்கிறது. நடக்கும் விதம் தெரிந்தால் எந்த அரங்கிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த நட்சத்திரங்கள். போஸ்டருக்குப் பக்கத்தில் போய், நட்சத்திர வரிசைக்கு அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். மேலே சொன்ன போஸ்டரில் ஒரு வரிசையின் அடியில் "பார்வையாளர் கருத்து" என்று மட்டும் இருந்தது. யார், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் என்று ஒன்றும் இல்லை. இன்னொன்று இதே குழு முன்பு போட்ட வேறொரு நாடகத்துக்குக் கிடைத்தது. மூன்றாவது, இதே கதையை நாற்பது நிமிடக் குறுவடிவமாகப் போட்டபோது வந்த விமர்சனத்திலிருந்து எடுத்தது. ஒன்றே ஒன்றுதான் இப்போது மேடையில் இருக்கும் நாடகத்தைப் பற்றியது. அதிலும் விமர்சகர் பாராட்டியிருந்தது ஒரு நடிகையின் குரலை. கதையைப் பற்றிய குறைகளை மூன்று புள்ளி வைத்து விழுங்கிவிட்டார்கள். ஒற்றைச் சொல் மேற்கோளையும் நடுவில் புள்ளிகள் உள்ள மேற்கோளையும் கண்டால் மூல விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது "அரங்கமே எழுந்து நின்றது". அறுபது இருக்கையில் இது எவ்வளவு சுலபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நடிகர்கள், ஆளுக்கு மூன்று பேரை அழைத்தால் இருபத்து நான்கு. எழுதியவர், இசையமைத்தவர், இயக்குநர், பணம் போட்டவர்கள் ஆகியோரின் ஆட்கள் ஒரு பத்துப் பதினைந்து. விற்காத இருக்கைகளை நாடகப் பள்ளி மாணவர்களுக்கும் இலவச டிக்கெட் கிளப் உறுப்பினர்களுக்கும் கொடுத்து நிரப்புவது அந்த ஊர் நாடகத் தொழிலில் காலங்காலமாக உள்ள வழக்கம். விமர்சகர்களை அழைக்கும் பிரஸ் நைட் அன்று காசு கொடுத்து வந்தவர்கள் ஒரு வரிசை இருந்தால் அதிகம். வீடியோ எடுப்பதும், வாசலில் மைக்கை நீட்டி "எப்படி இருந்தது?" என்று கேட்பதும் அன்றைக்குத்தான். அந்தக் கைதட்டலைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தம்பி மேடையில் பாடினால் அக்கா எழுந்து நின்று தட்டத்தான் செய்வாள், தட்டவும் வேண்டும். அதைப் படம் பிடித்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் 25 பவுண்ட் வாங்கப் பயன்படுத்துவதுதான் தப்பு.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1830களில் பாரிஸ் ஓப்பராவில் கைதட்டக் கூலிப்படையே இருந்தது. சிரிக்க ஓர் ஆள், அழ ஓர் ஆள், 'மறுபடியும் பாடு' என்று கத்த ஓர் ஆள். நியூயார்க்கில் டேவிட் மெரிக் என்ற தயாரிப்பாளர் செய்தது இன்னும் துணிச்சல். 1961 டிசம்பர் கடைசியில் அவருடைய புது மியூசிக்கல் திறந்தது, பத்திரிகைகள் பெரிதாகப் பாராட்டவில்லை. மெரிக், ஊரின் ஏழு பெரிய விமர்சகர்களின் பெயரையே கொண்ட ஏழு சாதாரண மனிதர்களைத் தேடிப் பிடித்து, நாடகத்துக்கு அழைத்துப்போய், அவர்கள் பெயரில் வானளாவப் புகழும் வாசகங்களுக்குச் சம்மதம் வாங்கினார். படங்களோடு முழுப்பக்க விளம்பரம். ஒரு விமர்சகரின் பெயருக்குப் பக்கத்தில் கறுப்பினத்தவர் ஒருவரின் படம் இருந்ததால் குட்டு வெளிப்பட்டது. அந்தப் பெயருள்ள விமர்சகர் வெள்ளைக்காரர். மற்ற நாளிதழ்கள் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டன. ஹெரால்ட் டிரிபியூனின் முதல் பதிப்பில் மட்டும், 1962 ஜனவரி 4 அன்று, அது அச்சாகிவிட்டது. பெயர் அசல், ஆள் வேறு. இன்று பெயரே தேவைப்படுவதில்லை, "பார்வையாளர்" என்று போட்டாலே போதும் என்றாகிவிட்டது.

எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் இன்னும் கவனம் தேவை. 1947இல் எடின்பரோ சர்வதேச விழாவுக்கு அழைப்பில்லாமல் வந்த எட்டுக் குழுக்களோடு தொடங்கியது ஃபிரிஞ்ச் விழா. இன்றும் அங்கே தேர்வுக் குழு கிடையாது. பதிவுக் கட்டணம் கட்டி ஓர் இடத்தைப் பிடிக்கும் யாரும் நாடகம் போடலாம். அதுதான் அந்த விழாவின் அழகு. ஆனால் விழாப் பட்டியலில் பெயர் இருப்பது தரத்துக்குச் சான்று இல்லை என்பது வெளியூரிலிருந்து போகும் நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ராயல் மைல் தெருவில் கையில் திணிக்கும் நோட்டீஸைப் பாருங்கள். மூலையில் ஸ்டேப்ளர் அடித்த ஒரு சின்னத் துண்டுத் தாளில் நட்சத்திரங்கள் இருக்கும். நோட்டீஸ் முன்பே அச்சாகிவிடும், விமர்சனம் பிறகு வரும், ஆகவே துண்டு ஒட்டுவதில் தப்பில்லை. துண்டில் பத்திரிகைப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்த நட்சத்திரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உண்மையான பார்வையாளர் கருத்தை எப்படி அடையாளம் காண்பது? அதில் விவரம் இருக்கும். சின்ன அரங்கில் மியூசிக்கல் பார்த்தவர் எழுதினால், பாட்டு வரிகள் காதில் விழுந்தனவா என்பது கட்டாயம் வரும். நிஜ டிரம்ஸின் சத்தத்தைக் குறைக்கக் குமிழ் கிடையாது. அறுபது பேர் அறையில் அதை அடித்தால் மைக் இல்லாத குரல் அமுங்கிப்போகும், கோரஸில் வரி ஒன்றும் புரியாது. அதனால் மின் டிரம்ஸ் வைப்பார்கள், அல்லது எல்லாருக்கும் ரேடியோ மைக் மாட்டுவார்கள். மலிவான மைக் என்றால் வியர்வையில் கரகரக்கும். மூன்று பக்கமும் இருக்கை போட்ட அரங்கில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நடிகரின் முதுகுதான் தெரியும். உண்மையில் பார்த்தவர் இந்த மாதிரி விஷயங்களைச் சொல்வார். நடிகரின் நண்பர் எழுதியது வேறு மாதிரி இருக்கும்: நடிகரைச் செல்லப் பெயரில் குறிப்பிடுவார், பெருமையாக இருக்கிறது என்பார், அந்த இணையக் கணக்கில் வேறு எந்த நாடகத்துக்கும் கருத்து இருக்காது, எல்லாம் ஒரே ராத்திரியில் ஏறியிருக்கும். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில் படியுங்கள். அவர்களுக்கு உங்களை இழுக்கவும் தேவையில்லை, துரத்தவும் தேவையில்லை.

தேதியையும் பாருங்கள். புது மியூசிக்கல் மாறிக்கொண்டே இருக்கும். 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' 2019இல் நியூ டயோரமாவின் 80 இருக்கை அரங்கில் தொடங்கி, சவுத்வார்க் பிளேஹவுஸ், ரிவர்சைடு ஸ்டுடியோஸ் என்று படிப்படியாகத் திருத்தி வளர்த்து, 2023இல் லண்டனின் வணிக நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டில் உள்ள ஃபார்ச்சூன் அரங்குக்கு வந்து, 2024இல் லண்டன் நாடக உலகின் ஒலிவியர் விருதைச் சிறந்த புது மியூசிக்கலுக்காக வாங்கியது. சின்ன அரங்கிலிருந்து இப்படியும் வருகிறது, அதனால்தான் அந்த அரங்குகள் ஏமாற்றும்போது வயிறு எரிகிறது. நான்கு வருடத்துக்கு முந்தைய கருத்து இன்றைய நாடகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி.

வாங்கும் முன் பக்கத்தைக் கடைசி வரை உருட்டிப் பாருங்கள். பிரிவியூ (பிரஸ் நைட்டுக்கு முந்தைய காட்சி), வொர்க் இன் பிராகிரஸ் (இன்னும் உருவாகிக்கொண்டிருப்பது), வொர்க்‌ஷாப், ஸ்டேஜ்டு கான்சர்ட் (முழு மேடை அமைப்பு இல்லாமல் பாடிக் காட்டுவது) என்ற சொற்கள் அடியில்தான் இருக்கும். அவை இருந்தால் முழுமையடைந்த நாடகத்தை எதிர்பார்க்க முடியாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். ஓடும் நேரம் போடவில்லையென்றால் இன்னும் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கலைஞர் பட்டியலில் இசை இயக்குநர் ஒருவர் பெயர் மட்டும் இருந்து டிரம்ஸ், பாஸ் வாசிப்பவர்கள் பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் ஒரு கீபோர்டுதான். முடிந்தால் பிரஸ் நைட் தாண்டி ஒரு வாரம் பொறுத்து, வாரநாளில் வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டால் செய்ய வேண்டியது. பிரிட்டனில் குறிப்பிட்ட தேதி நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு இணையத்தில் வாங்கிய பொருளுக்குரிய 14 நாள் ரத்து உரிமை கிடையாது, அதை வைத்து வாதாடாதீர்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவைப் பிடியுங்கள்: விற்பவர் சேவையைப் பற்றி எழுதியோ சொல்லியோ தந்த தகவலை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அது ஒப்பந்தத்தின் பகுதி. நேரடி இசைக்குழு என்றும் இரண்டேகால் மணி நேரம் என்றும் எழுதியது இதில் வரும். "அருமையான நாடகம்" என்று எழுதியது வராது. அதனால் அன்றிரவே, பக்கத்தை மாற்றுவதற்கு முன், விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தில் அவர்கள் எழுதியிருந்தது எது, கிடைத்தது எது என்று மின்னஞ்சலில் இரண்டே வரியில் சொல்லி, விலையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தொகையைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லுங்கள். பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. கிரெடிட் கார்டுக்கு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான், ஆகவே இங்கே உதவாது.

கட்டாயக் கட்டணத்தை முதலில் விலையில் காட்டாமல் கடைசித் திரையில் சேர்ப்பதும், ஆள் வைத்துப் போலிக் கருத்து எழுதுவதும் 2025 ஏப்ரல் 6 முதல் அங்கே சட்டப்படி தடை. போஸ்டர் வாசகத்தில் சந்தேகம் இருந்தால் விளம்பரத் தர ஆணையமான ஏஎஸ்ஏவிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். மேற்கோள் அசல்தான் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியது விளம்பரம் செய்தவர் பொறுப்பு. போஸ்டரைப் படம் எடுக்கும்போது முழுப் படம் ஒன்று, அந்தப் பொடி எழுத்து தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.