ஆயுத உரிமைச் சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா? ஏற்காட்டு உரிமதாரர் ஒருவரின் ஓராண்டு அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று உண்டு. அப்பா வாங்கிய பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் மறைவுக்குப் பிறகு வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு உரிமம் மாறி, இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. துப்பாக்கி உரிமதாரர்களுக்காக அகில இந்திய அளவில் குரல் கொடுப்பதாகச் சொல்லும் சங்கம் ஒன்றில் சேரும்படி அஸ்தம்பட்டி நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஆண்டு முடியும் தறுவாயில், 15,000 ரூபாய் ஆயுள் சந்தாவும் அதற்கு மேல் இயன்ற அளவு வழக்கு நிதியும் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தபோது மனத்தில் தெளிந்தவற்றை, இதே போன்ற அழைப்பு வந்திருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். சங்கத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை; எந்தச் சங்கமானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் அட்டை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்னஞ்சலில் வரும் செய்தி மடல், தொலைபேசியில் சட்ட ஆலோசனை ஆகிய மூன்றும் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. அட்டையால் பயன் ஒன்றும் இல்லை. மடல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. சேலம் மாவட்டத்தில் உரிமம் வைத்திருக்கும் பெரும்பாலான விவசாயிகளுக்கு அது எட்டாது. ஆனால் தொலைபேசி ஆலோசனை மட்டும் உண்மையிலேயே கொடுத்த காசுக்குத் தகும் என்பதை என் உரிமம் புதுப்பிப்பு விஷயத்தில் நேரில் கண்டேன்.

ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். புதுப்பிப்பு மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பதில் வராமல் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியாது. காவல் துறையின் அறிக்கை 30 நாளுக்குள் வர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்வதையும், மறுப்பதாக இருந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிந்து, கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வதையும், அந்த மறுப்பை எதிர்த்து 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அந்தத் தொலைபேசியில் பேசியவர் பொறுமையாக விளக்கினார். எந்த வரியில் எதை எழுத வேண்டும் என்று சொல்லி, அன்று மாலையே மனுவின் மாதிரி ஒன்றையும் அனுப்பினார். அதைத் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு என் கோப்பு நகர்ந்தது. இதே வேலைக்கு இடைத்தரகர் ஒருவர் கேட்ட தொகை, சந்தாவைப் போலப் பல மடங்கு.

அடுத்து தேர்தல். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் பக்கத்து உரிமதாரர்கள் அனைவருக்கும் பழகிப்போன ஒன்று. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும், நாடு முழுவதும் எண்ணிக்கை முடிந்த ஜூன் வரை ஆயுதங்கள் உள்ளேயே இருந்தன. என் துப்பாக்கியின் விசைக் காப்பில் சணல் கயிற்றால் ஓர் அட்டைத் துண்டைக் கட்டி, அதில் பேனாவால் எண் எழுதி, மற்றவற்றோடு சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். திரும்ப வாங்கியபோது அட்டையின் மை கரைந்து கயிற்றில் நீலமாக இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து குழலை மடக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கக் குழலின் உட்புறம், தோட்டா அறைக்குச் சற்று மேலே, மிளகு மணி அளவில் மூன்று துருப் புள்ளிகள் தெரிந்தன. அப்பா நாற்பது ஆண்டுகள் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் காப்பாற்றிய குழல் அது. எண்ணெய் விட்டுத் தேய்த்தும் அந்தக் குழிகள் போகவில்லை.

எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லவில்லை என்பது இங்கே முக்கியம். மாவட்ட அளவிலான குழு ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து, பிணையில் வெளியே இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் காலக் கலவரத்தில், ஈடுபட்டவர்கள் போன்றோரிடமிருந்தே வாங்கிவைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதை எடுத்துக்காட்டி முன்கூட்டியே மனுக் கொடுக்க உறுப்பினர்களுக்கு உதவியிருந்தால் அந்தச் சங்கத்தை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பேன். ஆனால் அவர்களின் மாதிரி மனு வந்து சேர்ந்தது, துப்பாக்கியை ஒப்படைத்து ஒரு மாதம் கழித்து. காவல் நிலையத்துக்குப் பதிலாக உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமும் ஒப்படைக்கலாம் என்ற எளிய விவரத்தைக்கூட அவர்கள் மடலில் எழுதவில்லை. அதை நான் பின்னால் வேறோர் உரிமதாரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இனி அந்த நிதிக் கடிதத்துக்கு வருகிறேன். அதில் பாதிக்கு மேல் அமெரிக்காதான். அங்கே 1791இல் அரசமைப்பில் சேர்ந்த இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது; அது தனிமனிதரின் உரிமை என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ஒருவர் இத்தகைய சங்கத்துக்குப் பணம் கொடுத்தால், ஏற்கெனவே எழுதிவைத்த ஓர் உரிமையைக் காக்கக் கொடுக்கிறார். நம் நாட்டில் நிலை வேறு. நம் அரசமைப்பின் 19ஆம் பிரிவு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தருகிறது. ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக எங்கும் தரவில்லை. அமெரிக்காவைப் போல நம் அரசமைப்பு அத்தகைய உரிமையை யாருக்கும் வழங்கவில்லை என்று 2023 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றமே கூறியது. அப்படியிருக்க, அடிப்படை உரிமையை மீட்கப் போகிறோம் என்று சொல்லி நிதி திரட்டுவது முறையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

வரலாறு அவர்கள் பக்கம் கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கவே வந்தது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் கடிதத்தின் உச்சியில் காந்தியடிகளின் படத்தைப் போட்டு, ஆயுதச் சட்டத்தைக் கண்டித்து அவர் எழுதிய வரியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பது எனக்கு வருத்தம் தந்தது. 1918இல் முதல் உலகப் போருக்குப் படையாள் சேர்க்க குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அவர் வெளியிட்ட துண்டறிக்கையில் வரும் வரி அது. அந்தச் சூழலை மறைத்துவிட்டு அவரைத் துப்பாக்கிக்குச் சான்றாக நிறுத்துவது பெரியவருக்குச் செய்யும் நியாயம் அன்று.

காப்பித் தோட்டக்காரர்களிடம் குடகை எடுத்துக்காட்டினால் எடுபடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அங்குள்ள கொடவர் சமூகத்தாருக்கும், ஜம்மா என்ற பரம்பரை உரிமையில் நிலம் உடையவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு, அது 2029 வரை நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. அந்த மண்ணின் பழைய வழக்கத்தையும் நில உரிமையையும் ஒட்டி வந்த விலக்கு அது. ஏற்காடு இருக்கும் எங்கள் சேர்வராயன் மலைக்கு அதைக் கேட்டுப் பெற வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது, பயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் அவர்கள் தரும் வாக்குறுதி. நல்லெண்ணத்தோடு பயிரைக் காக்க குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே இருப்பது மெய்தான். ஆனால் ஏற்காட்டில் எங்கள் வேலியை உடைத்து, காப்பிச் செடியை மிதித்து, மிளகுக் கொடியைச் சாய்த்துவிட்டுப் போவது காட்டெருமை. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். அதன் மேல் ஒரு குண்டும் படக் கூடாது, படவும் வேண்டாம். காட்டுப்பன்றி விஷயத்திலும், 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையினர்தான் சுட வேண்டும். எங்கள் தோட்டத்தைச் சுற்றிலும் காடு. நான் எத்தனை துப்பாக்கி வைத்திருந்தாலும் பன்றிக்கு எதிராக அதை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. தோட்டத்தில் முப்பது ஆண்டாக வேலை பார்க்கும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “துப்பாக்கியா? வேண்டாங்க அய்யா. மாடு நம்மளப் பாத்து நின்னுச்சுன்னா நாமதான் ஒதுங்கிப் போகணும். அந்தக் காசுக்கு வேலிக்கல்லு நட்டா ஆகும்” என்றார். அதற்கு மேல் நான் பேச எதுவும் இருக்கவில்லை.

மலைக்கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைக்கும்படி காவல் துறை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறது. உரிமதாரர்களின் சங்கம் என்றால் இந்த வேலையில் அல்லவா முன்னால் நிற்க வேண்டும்? ஓராண்டு மடல்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டிவைப்பது பற்றியும் இல்லை.

பணத்தின் கணக்கு கடைசிக் கேள்வி என்றாலும் எனக்கு அதுவே முடிவைத் தந்தது. இந்தச் சங்கங்கள் முன்மாதிரியாகக் கொண்டாடும் அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கம் 1871இல் குறிபார்த்துச் சுடப் பயிற்சி தருவதற்காகத் தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அதன் தலைமையில் இருந்த வேய்ன் லாபியர், சங்கப் பணத்தைத் தவறாகச் செலவழித்தார் என்று 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு முடிவு செய்து, 40 லட்சம் டாலருக்கு மேல் அவர் திருப்பித் தர வேண்டும் என்றது. அங்கே உறுப்பினர்கள் அச்சத்தினாலும் பற்றினாலும் அனுப்பிய பணம் எங்கே போனது என்பதைப் படித்த பிறகு, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேட்டு எங்கள் சங்கத்துக்கு எழுதினேன். மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு ஒரு பக்கத் தாள் வந்தது; மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி என்று மூன்றே வரி. தணிக்கையாளரின் கையொப்பம் இல்லை. வழக்கு நிதிக்குத் தனிக் கணக்கு இல்லை. எந்த நீதிமன்றத்தில் எந்த வழக்கு நடக்கிறது என்ற விவரமும் இல்லை. பதிவு பெற்ற ஒரு சங்கம் ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்க, அதே கணக்கை உறுப்பினருக்குக் காட்டுவதில் என்ன சிரமம் இருக்க முடியும்?

ஆகவே ஆயுள் சந்தா கட்டவில்லை. வழக்கு நிதிக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. தொலைபேசியில் உதவிய அந்த மனிதருக்காகவும், உரிமம் புதுப்பிக்க அலையும் மற்றவர்களுக்கு அவர் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதற்காகவும் ஆண்டுச் சந்தாவை மட்டும் இன்னொரு முறை கட்டியிருக்கிறேன். தமிழ் மடல், தேர்தல் அறிவிப்புக்கு முன்பே மனு, தணிக்கைக் கணக்கு ஆகிய மூன்றையும் கேட்டு, பதிவுத் தபாலில் கடிதமும் சேர்த்து அனுப்பினேன். ஆயுள் சந்தாவுக்கு ஒதுக்கிய 15,000 ரூபாயில் ஒரு பகுதி, துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் என் மகளின் பயிற்சிக் கட்டணமாகப் போயிற்று. மீதிக்கு, மேற்கு மூலையில் மாடு இறங்கும் இடத்தில் இருபத்திரண்டு வேலிக்கல் நட்டோம்.