தரகரா, பவர் ஏஜென்டா?
காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீட்டை விற்க நினைப்பவர்களில் பலர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். உள்ளூர்த் தரகர் ஆளைக் காட்டுவார், விலை பேசுவார். உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

பவர் ஏஜென்ட் அப்படியில்லை. பதிவு செய்த பவர் (உங்களுக்குப் பதிலாகச் செயல்பட நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இருந்தால் அவரே உங்கள் சார்பில் கிரயமே எழுதிக் கொடுத்துவிடலாம். அங்கேதான் கவனம் வேண்டும். பல பங்காளிகள் உள்ள வீட்டில் ஒருவர் கொடுத்த பவர் அவர் பங்குக்கு மட்டுமே செல்லும். கொடுத்தவர் இறந்தால், 1872 ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாக அதுவும் முடிந்தது. வாங்குபவருக்கும் ஒன்று: பவர் மட்டும் கையில் இருந்தால் வீடு உங்களுடையதாகாது, 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆள் தேடத் தரகர் போதும். பவரை நானாக இருந்தால் நெருங்கிய சொந்தத்துக்கு, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என்று எழுதித்தான் கொடுப்பேன்.