அஸிபாடா, ஷாஃப்டா? ஆர்க்டிக் கப்பலுக்கு நாங்கள் எடுத்த முடிவு

கனடாவின் ஆர்க்டிக் கரையில் தாது ஏற்றப் போகும் கப்பலுக்கு உந்துவிசை அமைப்பைத் தேர்வு செய்த குழுவில் நானும் இருந்தேன். ஒரு வழி, இன்ஜினிலிருந்து நேராகப் பின்னால் ஓடும் ஷாஃப்ட், அதாவது சுழலும் நீண்ட தண்டு. முனையில் இதழ்க் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பல்லர், அதன் பின்னே சுக்கான். மற்றது அஸிபாட். புரொப்பல்லரைச் சுழற்றும் மின்மோட்டாரையே ஒரு கூட்டுக்குள் வைத்து, கப்பலின் அடியில் தொங்கவிட்டு, எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். நாங்கள் ஷாஃப்டை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பனியை உடைப்பதில் அஸிபாட்தான் கெட்டிக்காரன். 2017இல் ஓடத் தொடங்கிய கிறிஸ்டோஃப் டி மார்ஜெரி என்ற எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) கப்பலில் 15 மெகாவாட் அஸிபாட் மூன்று. பின்பக்கமாக ஓடியே 2.1 மீட்டர் பனியைக் கடக்கும். எரிபொருளில் ஷாஃப்ட் மிச்சம். மின்சாரமாக்கி மறுபடி சுழற்சியாக்கும் இழப்பு அதில் கிடையாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பழுது. ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் கப்பலுக்குள்ளேயே இருக்கின்றன. டியூட்டியில் இருப்பவர் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியேறும் குழாயான ஸ்டெர்ன் டியூபின் எண்ணெய்த் தொட்டியின் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தால் சீலில் கசிவு என்று சந்தேகம் வரும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் நடக்கும்.

முன்பு நான்கு மாதம் ஓர் அஸிபாட் கப்பலில் இருந்தேன். ஒரு நாள் விடியற்காலை, கூட்டுக்குள் நீர் இறங்குவதாக அலாரம் அடித்தது. உள்ளே இறங்க வழி இருந்தது. ஆனால் மோட்டார் நின்றாக வேண்டும். நிறுத்தினோம். அலாரம் பொய் என்று தெரிந்துகொண்டு மேலே வருவதற்குள், காற்று தள்ளிய பனி இரண்டு பக்கமும் இறுகிவிட்டது. விடுபட மறுநாள் மாலை ஆனது. திறந்த கடலில் நிற்பதும் பனியில் நிற்பதும் ஒன்றல்ல. அன்று அலாரம் மெய்யாக இருந்திருந்தால்? கப்பலை நீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் டிரை டாக் தேடித் தெற்கே பல நாள் இழுத்துப் போயிருக்க வேண்டும்.

ஒரே ஷாஃப்ட் என்பது எனக்கும் உறுத்தல்தான். அது போனால் மாற்று இல்லை. ஆனாலும் நுனாவிக் என்ற சரக்குக் கப்பல் அதே ஒற்றை ஷாஃப்டோடு, 2014இல் நிக்கல் தாது ஏற்றிக்கொண்டு, பனியுடைப்புக் கப்பலின் துணையின்றி வடமேற்குப் பாதை வழியே சீனாவுக்குப் போனது. அது பெரிய தைரியம் கொடுத்தது.

சரி, எனக்குப் பழக்கம் ஓராண்டுப் பனி மட்டும்தான். பல கோடைகளைத் தாண்டி இறுகிய பனியில் எப்படி என்று அங்கே ஓட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். ரஷ்ய ஆர்க்டிக்கின் யமால் போல, குளிர்காலம் முழுக்க தடித்த பனிக்குள்ளேயே போய்வர வேண்டிய வழித்தடம் என்றால், நானும் அஸிபாட்தான் கேட்பேன், அதுவும் ஒன்றுக்கு இரண்டாக.