11 கேவி பனலுக்கு 110 வோல்ற் டிசி: யாழ்ப்பாண வெக்கையில் சீல் செய்த பற்றரி

11 கேவி (11,000 வோல்ற்) பனலின் பிரேக்கர்களை விழுத்தவும் மூடவும் 110 வோல்ற் டிசி (நேரோட்ட மின்) வேண்டும்; அதைத் தருவது சாஜரும் அதோடு நிற்கும் பற்றரியும். சாஜர் முகப்பில் 121.5 வோல்ற் நிற்கிறது என்பதற்காகப் பற்றரி நல்லாயிருக்கிறது என்று நம்ப வேண்டாம். அது சாஜர் கொடுக்கும் வோல்ற்றளவு. பற்றரியில் உள்ள 12 வோல்ற் பிளொக் 9இல் ஒன்று உள்ளே அறுந்து கிடந்தாலும் மீற்றர் அதையேதான் காட்டும். 11 கேவி பக்கம் ஷோர்ட் ஆகும்போது சாஜருக்கு வரும் ஏசியும் சேர்ந்து விழலாம். பிரேக்கரை விழுத்த வேண்டிய அந்த நேரம் பார்த்து டிசி இருக்காது.

அதனால் மாதம் ஒருக்கால் சாஜரின் ஏசியை 10 நிமிடம் நிறுத்தி, ஒவ்வொரு பிளொக்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மற்றவை 12.5க்கு மேல் நிற்க ஒன்று மட்டும் 11க்கு இறங்கினால் அதன் கதை முடிந்தது. பிறகு, சாஜர் நின்றபடியே, சேவையில் இல்லாத ஒரு பிரேக்கரை ரெஸ்ற் (சோதனை) நிலைக்கு இழுத்து, மூடித் திறந்து பாருங்கள். அறுந்த பிளொக் இருந்தால் சாஜரை நிறுத்திய உடனேயே மொத்த டிசியும் போய்விடும். உடனே திரும்பப் போட, ஒருவர் சாஜரின் ஏசி சுவிட்சில் கை வைத்தபடியே நிற்கட்டும்.

பிரேக்கரை விழுத்தும் ரிறிப் கொயில் 110இன் 70 வீதத்தில், அதாவது 77 வோல்ற்றிலும் வேலை செய்ய வேண்டும். மூடும் கொயிலுக்கும் ஸ்பிரிங்கை முறுக்கும் மோட்டருக்கும் 85 வீதம், 93.5 வோல்ற் தேவை. 9 பிளொக்கிலும் உள்ள 54 செல்லும் தலா 1.8 வோல்ற்றுக்கு இறங்கினால் மொத்தம் 97.2. வயரில் இழக்க மிஞ்சுவது 3.7 வோல்ற்தான். தூரத்துப் பனலுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்த இடங்களில் பிரேக்கர் விழும், ஆனால் திரும்ப மூடாது. பழி கொயிலின் தலையில் விழும்.

வெக்கைதான் முதல் எதிரி. 25 பாகையில் 10 ஆண்டு என்று சொன்ன பற்றரி, 35 பாகை அறையில் ஏறக்குறைய 5 ஆண்டுதான். சாஜரின் வெப்ப உணரி அறைச் சுவரில் அல்ல, பற்றரியோடு ஒட்டி இருக்க வேண்டும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் செல்லுக்கு 3 மில்லிவோல்ற் குறைத்தால், 35இல் 121.5 என்பது 120க்குப் பக்கத்தில் வரும். கொயிலின் உச்ச எல்லை 121 என்பதால் அந்தப் பக்கமும் நிம்மதி.

அடுத்தது உப்பு. காங்கேசன்துறை, ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்காற்றால் வெளிப்பெட்டி ரேர்மினல்களில் உப்புப் படியும். மாரி தொடங்கி ஈரம் ஏறியதும் டிசி ஏர்த் ஆகும், அதாவது டிசி வயர் நிலத்தோடு தொடுபடும். நேர், மறை இரண்டும் ஏர்த்துக்கு 60 அளவில் நின்றால் சரி. ஒன்று 120, மற்றது பூச்சியம் என்றால் பிழை. ஒரு ஏர்த்தால் எதுவும் விழாது. அதனால்தான் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ஏர்த் வந்தால் பியூஸ் போகும், அல்லது காரணமே இல்லாமல் பிரேக்கர் விழும். தேடும்போது டிசி எம்சிபிகளை (சிறு பிரேக்கர்களை) ஒவ்வொன்றாக நிறுத்தி, உடனே திரும்பப் போட வேண்டும். மின்மாற்றியின் புக்கோல்ஸ் ரிலே (உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிப்பது) ரேர்மினல் பெட்டியை முதலில் திறப்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

வெக்கை தாங்குவதில் இந்தச் சீல் செய்த ஈய-அமில பற்றரியை விட நிக்கல்-கட்மியம் மேல். விலையும் கூட, வடிநீரும் ஊற்ற வேண்டும். ஈய-அமில பற்றரிக்குப் பாவித்த ஹைட்ரோமீற்றரை (திரவத்தின் அடர்த்தி அளக்கும் கருவியை) மட்டும் அதற்குள் விட்டுவிடாதீர்கள்; கொஞ்ச அமிலமே செல்லைக் கெடுத்துவிடும்.