30 ரூபாய் இயர்பிளக்கும் என் காதும்

மிக்சி ஓடினால் அடுத்த அறைக்கு ஓடுகிற ஆள் நான். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கம் உட்காரவைத்தால் சாப்பாடு இறங்காது, வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். "ரொம்பத்தான் அலட்டிக்கிறே" என்று அம்மா சொல்லிச் சொல்லி, ஏதோ குறை என்றே நினைத்திருந்தேன். சத்தம், வெளிச்சம், வாசனை எல்லாம் இப்படி அதிகமாக உறைப்பதை அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் நோயல்ல, பிறவிக் குணம் என்கிறார், 1997இல் கணவர் ஆர்தரோடு சேர்ந்து அதை அளக்க 27 கேள்விகள் கொண்ட அளவுகோலே வெளியிட்டிருக்கிறார் என்று தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெடிக்கலில் வாங்கிய ஃபோம் இயர்பிளக், ஜோடி 30 ரூபாய். முதல் வாரம் திட்டித் தீர்த்தேன், பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. தப்பு என்னுடையது. விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மெதுவாக விரிந்து அடைக்கும்போது பஸ்ஸின் ஏர்ஹாரன் பக்கத்துத் தெருவுக்குப் போன மாதிரி இருக்கும்.

பேச்சும் மங்கிப்போகும், அதுதான் தொல்லை. கண்டக்டர் இரண்டு முறை கேட்டுப் பார்த்து, தோளைத் தட்டினார். நாம் மெல்லுவதே காதுக்குள் அம்மி அரைப்பதாகக் கேட்பதால் பந்திக்கு ஆகாது. கூட வந்த டப்பாவின் மூடி பத்தே நாளில் உடைந்தது. பக்கத்து சீட்டுக்காரரின் சென்ட்டுக்கு இதில் வழியில்லை. ஐந்துக்கு மூன்றரை.