மீன்தொட்டி மூடிக்கு எல்இடி மாட்டித் தருகிறோம் என்றால் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ரெண்டடி தொட்டி, பழைய டியூப்லைட் மூடி. சோக்கையும் டியூப்பையும் கழற்றிவிட்டு அதே மூடியில் ‘36 வாட் ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாட்டர்ப்ரூஃப் எல்இடி’ பொருத்தித் தருவதாகச் சொல்லி ஒரு கடையில் 2,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பில்லில் ‘எல்இடி ஒர்க்’ என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்றாம் மாதம் ஒரு வரிசை அணைந்தது, இன்னொன்று மினுக்க ஆரம்பித்தது, தொட்டியில் இருந்த செர்ரி இறால்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மூடியைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவை இங்கே. கடையின் பெயர் வேண்டாம். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்து தரும் கடைகள் ஊருக்கு நாலு இருக்கின்றன.

முதலில் வாட் கணக்கு. உள்ளே இருந்தது 12 வோல்ட் 5050 ஸ்ட்ரிப் (5 × 5 மில்லிமீட்டர் எல்இடிகள் பதித்த பட்டை), மீட்டருக்கு 60 எல்இடி. 50 சென்டிமீட்டர் நீளத்தில் நாலு வரிசை, மொத்தம் 2 மீட்டர். தரமான 5050 ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும். அப்படிப் பார்த்தாலும் 2 மீட்டருக்கு 28.8 வாட்தான்; 36 எங்கிருந்து வந்தது? கூட வந்த அடாப்டரில் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. அது முழுத் திறனில் ஓடினாலே 24 வாட்டுக்கு மேல் போகாது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் முனைக்கு மாற்றி, பாசிட்டிவ் வயரில் தொடராக இணைத்துப் பார்த்தால் 0.8 ஆம்பியர். அதாவது 9.6 வாட். சொன்னதில் கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு குறைகிறது? ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிக்கு ஒரு துண்டு; ஒவ்வொரு துண்டிலும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர் இருக்கும். துண்டுக்கு ஒரே ரெசிஸ்டர் உள்ள 5050 ஸ்ட்ரிப்பில் அதன் மேல் 390 என்று எழுதியிருந்தால் 39 ஓம். துண்டுக்குச் சுமார் 60 மில்லி ஆம்பியர் ஓடும். இந்த மூடியில் எழுதியிருந்தது 121, அதாவது 120 ஓம். ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் எல்இடி மங்கும், சூடு குறையும், கடைக்குத் திரும்பி வரும் புகாரும் குறையும். அலுமினியமே வைக்காமல் வெறும் பிளாஸ்டிக் மூடியில் ஒட்டியது மூன்று மாதம் தாங்கியதற்கும் இதுதான் காரணம். இன்னொரு சோதனை: 9 வோல்ட் பேட்டரியை ஸ்ட்ரிப்பில் தொட்டால் எல்இடி மிக மங்கலாக எரியும். அப்போது நல்ல 5050-இன் மஞ்சள் பரப்புக்கு அடியில் மூன்று ஒளிப்புள்ளிகள் தெரியும். ஆறு கால் வைத்த உறைக்குள் ஒரே ஒரு சில்லை வைத்து 5050 என்று விற்கும் சரக்கு நிறைய இருக்கிறது. அதில் ஒரு புள்ளிதான் தெரியும்.

செடி வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் வெளிச்சக் குறை மட்டுமில்லை. 60 × 30 × 38 சென்டிமீட்டர் தொட்டியில் மணலும் கல்லும் போக 58 லிட்டர் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரிச் செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது பொதுவான கணக்கு. வலிஸ்னேரியா போன்றவற்றுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். இந்த 9.6 வாட்டில் கிடைப்பது 650 லூமென் அளவு, லிட்டருக்குப் பதினொன்று. செடி இளைக்கும், இலை கண்ணாடி மாதிரி ஆகிக் கரையும். அதே கடைக்குப் போய்ச் சொன்னால் திரவ உரமும் சிஓ2 சிலிண்டரும் வாங்கச் சொல்வார்கள். வெளிச்சம் போதாத தொட்டியில் உரம் ஊற்றினால் வளர்வது பாசிதான்.

‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’, அதாவது சூரிய ஒளி மாதிரி எல்லா நிறமும் கலந்த வெளிச்சம், என்பதற்கும் ஒரு வார்த்தை. நாலு வரிசையில் ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, மீதி இரண்டும் நீலம் பாய்ந்த வெள்ளை. மீனின் நிறம் தூக்கலாகத் தெரியும், கடையில் பார்க்க ஜோராக இருக்கும். நன்னீர்ச் செடித் தொட்டிக்கு 6500 கெல்வின் வெள்ளை (பகல் வெளிச்ச நிறம்) ஒன்றே போதும்.

இறால் ஏன் செத்தது என்பதுதான் முக்கியமான இடம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டது ஐபி65 ஸ்ட்ரிப் (ஐபி எண் என்பது தூசும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் குறி). அதில் மேல்பக்கம் மட்டும் பசை பூசியிருக்கும். வெட்டிய முனைகள், வயர் வைத்த இடங்கள் எல்லாம் திறந்தபடி. அவற்றின் மேல் குளூ கன்னால் ஒரு சொட்டு வைத்து மூடியிருக்கிறார்கள். சூட்டில் அந்தப் பசை இளகி, ஈரத்தில் உரிந்துவிடும். ஏர் ஸ்டோனிலிருந்து குமிழி வெடித்துத் தெறிக்கும் துளிகளும் மூடியில் படியும் ஆவியும் அந்த இடுக்கில் புகுந்தன. போர்வெல் தண்ணீர் என்றால் உப்பும் சேர்ந்து படியும். 12 வோல்ட் நேர் மின்சாரம், ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரையும். முனையைப் பிரித்தபோது கறுத்த ஈயத்தைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பொருமி நின்ற களிம்பு, அதிலிருந்து பிளாஸ்டிக் மேல் ஒழுகிய பச்சைக் கோடு, கோட்டின் முனை நேராகத் தண்ணீருக்கு மேலே. மீன் தாங்கும் அளவு செம்பைக்கூட இறாலும் நத்தையும் தாங்காது. மூடியின் அடியில் பச்சை தெரிந்தால் அன்றே விளக்கை அணைத்துக் கழற்றுங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

சில கடைகளில் குளூ கன்னுக்குப் பதில் சிலிக்கான் போடுவார்கள். பரவாயில்லையே என்று நினைக்க வேண்டாம், முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை. தொட்டிக் கண்ணாடி ஒட்ட அது அருமையான பொருள். ஆனால் காயும்போது விடும் அமிலம் செம்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும். மின் இணைப்பின் மேல் நியூட்ரல் க்யூர் என்று ட்யூபில் எழுதியிருப்பதைத்தான் போட வேண்டும்.

அடாப்டரை மூடிக்குள்ளேயே, பழைய சோக் இருந்த பெட்டியில் திணித்திருந்தார்கள். காற்றோட்டம் இல்லாத ஈரக்கூடு. சிசிடிவிக்குப் போடும், 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் ஓட்டைப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸை, திருகாணி முனைகள் திறந்திருக்க, மூடியின் மேல் வைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. இரண்டையும் ஏற்காதீர்கள்.

இதுவரை சொன்னது காசு நஷ்டம், செடி நஷ்டம், இறால் நஷ்டம். ஆள் நஷ்டத்துக்கு வழி செய்வது இன்னொரு வகை: ‘அடாப்டரே வேண்டாம், டைரக்டா பிளக்கில் சொருகலாம்’ என்று சொல்லி மாட்டித் தரும் 230 வோல்ட் ஸ்ட்ரிப். கோயில் திருவிழாவிலும் கடை முகப்பிலும் சுருள் சுருளாகத் தொங்குவது இதுதான். பிளக் அருகே இருக்கும் சின்னக் கறுப்பு உருளைக்குள் மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் வெறும் ரெக்டிஃபையர் மட்டும் இருக்கும். தண்ணீரிலிருந்து நாலு விரல் உயரத்தில் 325 வோல்ட் உச்சத்தில் மின்சாரம் ஓடும். அடையாளம் எளிது: 12 வோல்ட் 5050 ஸ்ட்ரிப்பில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கத்தரிக்கோல் குறி இருக்கும், 230 வோல்ட் ரகத்தில் அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டருக்கு ஒன்றுதான், இரண்டு ஓரத்திலும் தடித்த வயர் நீளமாக ஓடும். தொட்டி மூடிக்குள் இதற்கு இடமே இல்லை.

1 வாட், 3 வாட் நட்சத்திர எல்இடிகள் (நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் ஒற்றையாக வருபவை) வைத்துச் செய்பவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. அவற்றுக்கு நிலையான மின்னோட்டம் தரும் டிரைவர் தேவை. 1 வாட் எல்இடிக்கு 300 முதல் 350 மில்லி ஆம்பியர். மலிவான டிரைவர்களில் பல நான்-ஐசொலேட்டட். அதன் வெளியீட்டு முனைகளுக்கு இடையே மீட்டர் 36 வோல்ட்தான் காட்டும், பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு வயரும் மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சில நிமிடம் விட்டு, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து உள்ளீட்டு வயருக்கும் வெளியீட்டு வயருக்கும் இடையே, முனைகளை மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். எந்த ஜோடியிலாவது எண் காட்டினால் அது தொட்டிப் பக்கமே வரக்கூடாது. 12 வோல்ட் அடாப்டருக்கும் இதே சோதனைதான். வாங்கும்போது உறையில் ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையில் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

சரி, ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும்? அந்த 2,800 ஆகாது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே சுற்றில் கிடைக்கும்.

பழைய மூடியில் சோக், ஸ்டார்ட்டர், ஹோல்டர், வயர் அத்தனையும் வெளியே வர வேண்டும். பாதியை விட்டுவிட்டு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பது ஆபத்து, ஹோல்டர் பின்னில் மின்சாரம் நிற்கும். பிறகு அரை மீட்டர் அலுமினியச் சேனல் நாலு. பிளாஸ்டிக் மூடியில் ஒட்டாமல், துருப்பிடிக்காத எஃகு எம்3 போல்ட் போட்டு இறுக்குங்கள். இரும்பு போல்ட் ஒரே மழைக்காலத்தில் துருவாக ஒழுகும். சேனலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, சிலிக்கான் குழாய்க்குள் வரும் ஐபி67 ஸ்ட்ரிப்பைப் பதியுங்கள். பின்பக்க ஒட்டுத்தாளை மட்டும் நம்ப வேண்டாம், அதில் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் சரி. இரண்டு முனையிலும் கிளிப் போட்டுப் பிடியுங்கள்.

வெட்டுவது குறியில் மட்டும். குழாயைப் பிளேடால் ஒரு சென்டிமீட்டர் உரித்து, செம்புத் திட்டில் ஈயம் வைத்து, வயரைச் சால்டர் செய்யுங்கள். அமுக்கிப் பூட்டும் கனெக்டர் தொட்டிக்கு ஆகாது, அதன் பல் முதலில் கறுக்கும். முனை மூடிக்குள் நியூட்ரல் சிலிக்கானை நிரப்பி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை), முழுசாக ஒரு நாள் காயட்டும். நாலு வரிசையும் பக்க இணைப்பில் சேர்ந்து ஒரே ஜோடி வயராக வெளியே வரட்டும்; அந்தச் சேர்ப்பு மூடிக்கு வெளியே இருப்பது உத்தமம். பாசிட்டிவில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று.

நல்ல ஸ்ட்ரிப் 2 மீட்டர் என்றால் 2.4 ஆம்பியர். அதற்கு 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், இருபது சதவீத இடைவெளியோடு. அதைச் சுவரில், தொட்டியின் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் வையுங்கள். கீழேதான் பிளக் இருக்கிறது என்றால் வயரைப் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள், ஒழுகும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் கீழே, தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவில், 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று. ஒரு மூலையைத் தீனி போட வெட்டிக்கொள்ளலாம். இந்தக் கண்ணாடி ஒன்றை வைத்திருந்தால் மேலே சொன்ன மோசமான வேலைகூட இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். கடைக்காரர் அதைச் சொல்லாததற்கு எந்தக் காரணமும் தெரியவில்லை, அதிலும் அவருக்கு லாபம்தான்.

இரண்டு மணி நேரம் எரியவிட்டு அலுமினியத்தைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாவிட்டால் மூடியின் பின்பக்கம் துளைகள் போட வேண்டும். இப்போது கிடைப்பது 1,900 லூமென் பக்கம், லிட்டருக்கு முப்பதுக்கும் மேல். பழகின மங்கல் வெளிச்சத்திலிருந்து இதற்கு மாறியதும் பத்து மணி நேரம் எரியவிட்டால் கண்ணாடி பச்சையாகிவிடும். டைமர் போட்டு ஒரு நாளைக்கு 6 மணி நேரத்தில் தொடங்குங்கள், செடி பிடித்ததும் 8 வரை ஏற்றலாம்.

கடையிலேயே கொடுத்துச் செய்யும் எண்ணம் இருந்தால், வேலை தொடங்கும் முன் பில்லில் நாலு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: உண்மையில் எடுக்கும் வாட், ஸ்ட்ரிப்பின் வோல்ட், ஐபி எண், அடாப்டரின் ஆம்பியர். எழுத மறுக்கும் கடையில் மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இந்த மூடியைத் திருப்பிக் கொண்டுபோனபோது கிடைத்த பதில், ‘தண்ணி பட்டதுக்கு கேரண்டி கிடையாது சார்.’ வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்ற பொருளுக்கு! பில்லில் அந்த வார்த்தை இல்லாததால் வாதம் அங்கேயே நின்றது. வார்த்தை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கழற்றிய பழைய சோக்கையும் டியூப்பையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள். செம்புக் கம்பி சுற்றிய சோக்குக்குப் பழைய சாமான் கடையில் காசு உண்டு. டியூப்பில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.