நீர்மேக மாதிரியோடு ஏழு ஆண்டுகள்

சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் படங்களிலிருந்து மண் ஈரத்தைக் கணக்கிட, ஏழு ஆண்டுகளாக நீர்மேக மாதிரியைத்தான் பயன்படுத்துகிறேன். 1978-இல் அட்டெமாவும் உலாபியும் முன்வைத்தது. இலை, தண்டு என்ற பாகுபாடெல்லாம் இதற்குக் கிடையாது. பயிர் என்பது நீர்த்துளிகளின் மேகம், அவ்வளவுதான். மேகத்திலிருந்து சிதறித் திரும்பும் பங்கையும், மேகத்தை ஊடுருவி மண்ணில் பட்டு, போகையிலும் வருகையிலும் மெலிந்து திரும்பும் பங்கையும் கூட்ட வேண்டும். ஏ பயிரின் சிதறலுக்கு, பி அலையின் மெலிவுக்கு; இந்த இரண்டு மாறிலிகளைக் களத் தரவைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம்.

புதுக்கோட்டைப் பக்கத்து மானாவாரி நிலக்கடலைக்கு இது நன்றாகவே உழைத்தது. அந்தத் தைரியத்தில் தஞ்சைச் சம்பா நெல்லுக்குக் கொண்டுபோனேன். நடவு முடிந்து தூர் கட்டும் பருவத்தில், செங்குத்தாக அதிரும்படி அனுப்பி, அதே வாக்கில் வாங்கும் விவி அலையின் பின்சிதறல், அதாவது செயற்கைக்கோளுக்குத் திரும்பும் வலிமை, மாதிரி சொன்னதைவிடப் பல டெசிபல் மேலே நின்றது. விடாப்பிடியாகப் பொருத்திப் பார்த்தபோது பி மாறிலி எதிர்மறையாக வந்தது. அதாவது பயிர் அலையை மெலியவைக்கவில்லை, பெருக்கித் தருகிறதாம்! வயலில் தேங்கிய நீர் கண்ணாடிபோல் அலையைத் தண்டின் மேல் திருப்ப, தண்டு அதைச் செயற்கைக்கோளுக்கே அனுப்புகிறது. இந்த இரட்டைத் தெறிப்புக்கு மாதிரியில் இடமே இல்லை. தண்ணீர் நிற்கிற வயலில் மண் ஈரத்தைத் தேடியதும் என் மடமைதான். நெல்லுக்கு இப்போது, செங்குத்தாக அனுப்பிக் கிடைவாக்கில் வாங்கும் விஎச் அலையின் காலத்தொடரை மட்டும் பார்க்கிறேன். அது சேற்றுழவில் இறங்கி, நட்டபின் ஏறுவதைக் கொண்டு நடவுத் தேதியைச் சொல்லிவிட முடிகிறது.

மண்ணிலிருந்து திரும்பும் பங்குக்கு முதலில், மண்ணின் ஈரத்தையும் சொரசொரப்பையும் வைத்துச் சிதறலைக் கணக்கிடும் 1995-இன் துபுவா மாதிரியை வைத்திருந்தேன். அலைநீளம் சுமார் 5.5 செ.மீ.; வரிசையாக ஊசிகள் இறங்கி மேடுபள்ளத்தைக் காட்டும் ஊசிப்பலகை வைத்து அளந்தால் உழுத காட்டின் சொரசொரப்பு 3 செ.மீ. அதை அலை எண்ணால் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது) பெருக்கினால் 3.4 வருகிறது, துபுவாவின் வரம்போ 2.5. அதனால் 1992-இன் ஓ மாதிரிக்கு மாறினேன். அது 6 வரை தாங்கும்.

சொரசொரப்பும் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. ஒருமுறை மாலையில் அளந்துவிட்டு வந்தேன். அன்றிரவு அந்தக் காட்டில் ஆட்டுக்கிடை மடக்கியிருக்கிறார்கள். விடிவதற்குள் கட்டிகளெல்லாம் மிதிபட்டு நொறுங்கிவிட்டன. செயற்கைக்கோள் கடந்ததோ விடிந்த பிறகு, அந்தக் காலையில். அடுத்த படத்துக்கு 12 நாள் காத்திருந்தேன். இப்போதெல்லாம் படம் எடுக்கும் தேதியைக் காட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, கிடையை மறுநாள் மடக்கச் சொல்கிறேன்.